வியாழன் மாலைக்குள் பதில் வராவிட்டால்

கிராணி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, வேலை சொல்லிக்கொடுக்க நான் இதை எழுதவில்லை. கடிதத்துக்கு எண் போடுவதும் கோப்பைக் கட்டுவதும் ஒரு மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். எனக்கு நடந்த பிரிவுபசார விருந்தில் உங்களில் ஒருவர் எழுந்து, "பெரிய கிராணி இத்தனை வருஷத்துல ஒரு தப்புகூடப் பண்ணாதவரு" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த மாலையை மாட்டி வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஜொகூரில், லாயாங் லாயாங்கிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாலில் தொடங்கிய பெரிய யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஸ்டேஷன், ஒரு வரிசை சீனக் கடை, ரயில் பாதையில் வேலை செய்யும் நம் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம், சுற்றிலும் ரப்பர். ஊருக்கென்று ஒரு சுகாதாரக் குழு இருந்தது. அதற்குத் தலைவர் ஒரு மலாய் அதிகாரி. அவரை நான் 'இஞ்செ', நம் பேச்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டேன்; இங்கும் அப்படியே இருக்கட்டும். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நல்ல குடும்பம், நல்ல படிப்பு. எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அந்த ஆபீசில் நான் ஒரே கிராணி. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

நான் காரைக்காலில் பிறந்தவன். கப்பல் ஏறுவதற்கு முன்னால் நாலு வருஷம் அங்கே 'மேரி'யில் எழுத்து வேலை பார்த்தேன். பிரெஞ்சுக்காரன் ஆளும் ஊரில் நகர மன்றத்துக்கு மேரி என்று பெயர், அதன் தலைவருக்கு மேர். இது தெரிந்த நாளிலிருந்து இஞ்செ என்னை விடவில்லை. பிற்பகல் வேலை ஓய்ந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்பார்.

"உங்க ஊர்ல மேரை யாரு மேய்க்கிறது, கிராணி?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரான்சில் ராஜா இருந்த காலத்தில் மாகாணத்துக்கு ஓர் ஆளைத் தலைநகரிலிருந்து அனுப்பி ஊர்களைக் கண்காணித்தார்கள். ராஜாவை இறக்கிய பிறகு, ஊர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அது கொஞ்ச வருஷம்கூட நிலைக்கவில்லை. ஒரு படைத்தலைவன் நாட்டைப் பிடித்தான். பிடித்தவன் மாவட்டத்துக்கு ஒரு 'பிரெஃபே'யை உட்கார வைத்தான். ஊர் மேரையும் மேலிருந்தே நியமித்தான். அதற்கப்புறம் மன்றத்துக்குத் தேர்தல் வந்தது, நாளாவட்டத்தில் மேரை மன்றமே தேர்ந்தெடுக்கவும் சட்டம் வந்தது. ஆனாலும் பிரெஃபேயின் கண் போகவில்லை. மன்றத்தின் தீர்மானத்தை அவர் ரத்து செய்யலாம். மேரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம். எங்கள் காரைக்காலுக்கு இந்தச் சட்டம் அப்படியே வரவில்லை. வெட்டி ஒட்டி வந்தது. பிரெஃபேயின் இடத்தில் எங்களுக்குப் புதுச்சேரியில் கவர்னர்.

"இந்தக் கண்காணிப்புக்கு அவங்க 'தூத்தேல்'னு சொல்வாங்க, இஞ்செ. அப்பன் இல்லாத மைனர் பிள்ளைக்குக் கார்டியன் வைப்பாங்களே, அதே வார்த்தை."

இஞ்செ மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்போ ஊரே மைனரா!" என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, "எங்க நாடும் அப்படித்தானே" என்று மெதுவாகச் சொன்னார். ஜொகூரில் அப்போது எல்லாக் காரியத்துக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார ஆலோசகர் இருந்தார். ஆலோசனை என்று பெயர். கேட்காமல் இருக்க முடியாது.

அவரைக் குஷிப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. தம்பிகளே, என் தப்பு இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. லயத்தில் பிறகு வந்த நோயில் ஆரம்பித்ததாக நான் ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு இருக்கு, இஞ்செ. மன்றம் தீர்மானத்தை மேலே அனுப்பும். பிரெஃபே ஒரு மாசத்துக்குள்ள வேண்டாம்னு சொல்லணும். சொல்லலைன்னா, அது செல்லும். அவர் வாய மூடிக்கிட்டு இருந்தா சம்மதம்னு அர்த்தம்."

"மேலிடத்துக்கே கெடு வைக்கிற சட்டமா!"

"ஆமா."

"இங்க கெடு எல்லாம் நமக்குத்தான் லா," என்றார். அன்று முழுக்க அதையே நினைத்து நினைத்துச் சிரித்தார்.

நான் சொன்னது பாதிதான். எல்லாத் தீர்மானத்துக்கும் அந்த விதி கிடையாது. நிலம், பெரிய கட்டுமானம் என்று ஒரு தனிப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ளதற்கு மேலிடம் வாய் திறந்து சரி என்று சொன்னால்தான் உண்டு. அந்தப் பட்டியலை நாலு வருஷம் என் கையாலேயே நகல் எடுத்தவன் நான். சொன்னால் கதையின் ருசி கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்தது. பத்து நாள் விடாமல் பெய்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த கிணற்றில் வெள்ளம் புகுந்தது. கக்கூஸ் பள்ளங்களும் அதே வெள்ளத்தில்தான் மூழ்கிக் கிடந்தன. ஒரு திங்கட்கிழமை காலை லயத்துக் கங்காணி ஆபீசுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே நிற்பவர் அன்று உள்ளே வந்துவிட்டார்.

"வாந்திபேதி, ஐயா. ராத்திரியில ரெண்டு பேரு போயிட்டாங்க. இன்னும் எட்டுப் பேரு படுத்திருக்காங்க."

"கிணத்துத் தண்ணிய குடிக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்றேன்.

"வேற எதைக் குடிக்கிறது? சொல்லுங்க, அதைக் குடிக்கிறோம்."

இஞ்செ குடையைக்கூட எடுக்காமல் அவரோடு நடந்தார். திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு. முகம் வெளுத்திருந்தது. பக்கத்து டவுனான க்ளுவாங்கிலிருந்து டாக்டரை வரச்சொல்லித் தந்தி அடித்தார். கிணற்றை மூட வேண்டும். மூடினால் வேறு தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் பக்கத்துத் தோட்டத்தின் மேட்டில் ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. மூங்கிலைப் பிளந்து வரிசையாகக் கட்டினால் இரண்டே நாளில் லயத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அது வெள்ளைக்காரன் தோட்டத்து நிலம். வழியில் ஒரு வரிசை ரப்பர் மரங்களை வெட்டவேண்டியிருக்கும். தோட்டத்து மேனேஜரிடம் இஞ்செயே போனார். "ஜொகூர் பாருவிலிருந்து உத்தரவு கொண்டு வா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை ஜொகூர் பாருவில் இருந்த தலைமை ஆபீசுக்கு எழுத உட்கார்ந்தோம். இஞ்செ சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நோய் விவரம், கிணறு, ஓடை, அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை. எல்லாம் எழுதி முடிந்ததும் அவர் பேனாவை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"போன தடவை ஒரு வடிகாலுக்கு எழுதினோமே, பதில் வர எத்தனை நாளாச்சு?"

"ஆறு வாரம், இஞ்செ."

"ஆறு வாரத்துல அந்த லயத்துல யாரு இருப்பா?" ஜன்னல் பக்கம் போய் நின்றார். "உங்க பிரெஞ்சு சட்டம் இதுக்கு என்ன சொல்லும், கிராணி?"

அந்தப் பட்டியலைச் சொல்ல எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. நிலத்தைத் தொடுகிற காரியம் இது, மௌனம் இதற்குச் செல்லாது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அல்லது, எந்தச் சட்டத்தையும் பார்க்காதீர்கள், ஆபத்து என்று வெட்டிவிட்டு அப்புறம் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஒரு வரி சேர்க்கலாம், இஞ்செ."

சேர்த்தேன். வியாழன் மாலைக்குள் பதில் வராவிட்டால் இதற்கு அனுமதி கிடைத்ததாகவே இக்குழு எடுத்துக்கொள்ளும் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். இஞ்செ அதை இரண்டு முறை படித்தார். "நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். சொல்லவே கூசுகிறது: லயத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. என் வாக்கியம் ரயில் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போகிறது என்ற சந்தோஷம்.

புதன்கிழமை டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, தண்ணீரை மாற்றாவிட்டால் தன்னால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் போனார். வியாழன் மாலை ரயிலில் தபால் வந்தது. பையைக் கவிழ்த்துத் தேடினோம். எங்களுக்கு ஒன்றுமில்லை. அதற்குள் லயத்தில் இன்னும் மூன்று பேர் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜொகூரில் விடுமுறை. இஞ்செ அன்று விடியற்காலையிலேயே லயத்து ஆட்களையும் சீனத் தச்சர்களையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார். முதல் மரத்தில் அவரே கோடாலி போட்டார். தொழுகைக்குப் போய்விட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்தார். சனிக்கிழமை பிற்பகல் லயத்து வாசலில் தண்ணீர் விழுந்தது. கங்காணி முதல் குடத்தைப் பிடித்து, வாயில் வைக்காமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் புதிதாக ஒருவர்கூடப் படுக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு துவான், வெள்ளைக்கார மேலதிகாரி, வந்து இறங்கினார். தோட்டத்திலிருந்து புகார் போயிருந்தது. வயதான மனிதர், கத்துகிறவர் அல்ல. முதலில் லயத்துக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தார். கையில் ஏந்திக் குடித்தும் பார்த்தார். பிறகு ஆபீசுக்கு வந்து, இஞ்செயின் நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பைத் திறந்தார். இஞ்செ மேசைக்கு முன்னால் நின்றார். நான் அலமாரி ஓரமாக நின்றேன்.

"மரம் வெட்டியதை நான் பார்த்துக்கொள்வேன்," என்றார் துவான். "ஆபத்து நேரம். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் வெட்டியிருப்பேன். தோட்டத்துக்காரனுக்கு அப்படியே பதில் எழுதுவேன்." பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி, கடைசி வரியின் கீழே விரலை வைத்தார். "ஆனால் இது வேறு. ஒரு கீழ் ஆபீஸ் தலைமை ஆபீசுக்குத் தவணை சொல்கிறது. இதை நான் விட்டால் நாளைக்கு எல்லா ஊரும் இப்படி எழுதும்."

ஓடை எங்களை மாட்டிவிடவில்லை. என் வரிதான் மாட்டிவிட்டது. அதை எழுதாமலே வெட்டியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இந்த இங்கிலீஷ் உங்களுடையதில்லை. இந்த யோசனையும் உங்களுடையதில்லை. யார் எழுதியது?"

இஞ்செ ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடும் என்று திரும்பாமல் இருந்தார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. நானே வாய் திறக்க அவர் இடம் விட்டார். எத்தனை நொடி என்று சொல்ல முடியாது. ஸ்டேஷனில் ஒரு சரக்கு ரயில் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

துவான் என்னைப் பார்த்தார். "நீயா, கிராணி?"

"கொடுத்ததை நகல் எடுத்தேன், துவான்," என்றேன்.

எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். வேலை நிரந்தரம் ஆகவில்லை. பிரெஞ்சு நாட்டுப் பிரஜை. ஒரு கையெழுத்தில் கப்பல் ஏற்றி அனுப்பிவிடலாம். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த நொடியில் இதில் ஒன்றையும் நான் நினைக்கவில்லை. பொய் தானாக வந்தது. எத்தனையோ நாள் பழகிய வேலை போல சுலபமாக வந்தது. காரணங்களை எல்லாம் பிறகு நிதானமாகத் தேடிச் சேர்த்துக்கொண்டேன்.

"என் கையெழுத்து, துவான். என் வாக்கியம்," என்றார் இஞ்செ.

அவ்வளவுதான் விசாரணை. மாதம் முடிவதற்குள் அவரை ஜொகூர் பாருவுக்கு மாற்றினார்கள். பழைய கோப்புகளுக்கு அட்டவணை எழுதும் வேலை. பிறகு அவருக்கு எந்த ஊரையும் கொடுக்கவில்லை. புறப்படும் நாளில் ஸ்டேஷனுக்கு லயத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். கங்காணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் போகவில்லை, வேலை இருக்கிறது என்று ஆபீசிலேயே இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் என்னை நிரந்தரமாக்கினார்கள். நம்பகமான ஆள் என்று என் பெயருக்கு நேரே எழுதினார்கள். அதன்பிறகு வந்த ஒவ்வொரு படியும் அந்த வார்த்தையின் மேல் ஏறியதுதான்.

கண்காணிப்பு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. காரைக்காலில் கவர்னர் தலையிடாவிட்டால் சில மேர்கள் தங்களுக்கு ஓட்டுப் போடாத தெருவில் விளக்கே ஏற்றியிருக்க மாட்டார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மேலேயிருந்து வருகிறவருக்குக் காகிதத்தில் இருப்பதுதான் தெரியும். காகிதத்தில் இல்லாததைத் தெரிந்தவன் அந்த அறையில் நிற்கும் கிராணி. அவன் வாயை மூடிக்கொண்டால் எந்தப் பிரெஃபேக்கும் எந்த ஆலோசகருக்கும் உண்மை போய்ச் சேராது. அன்று அந்த அறையில் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பிரிவுபசாரம் முடிந்த அடுத்த வாரம் நான் இஞ்செயைத் தேடிப்போனேன். கண் பார்வை குறைந்து முன்னதாகவே ஓய்வு வாங்கி, கெலாங் பாத்தா பக்கம் தன் கம்பத்தில், சொந்தக் கிராமத்தில், இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வாடகை மோட்டாரில் பாதி தூரம், பிறகு நடை. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். உட்காரச் சொல்லி, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: வாக்கியத்தையும் பொய்யையும், மறைத்த பட்டியலையும் சேர்த்து.

பட்டியல் அவருக்குப் புதிது.

"அப்போ உங்க ஊர்லயும் அது செல்லாதா?"

"செல்லாது, இஞ்செ."

"நீங்க அதைச் சொல்லியிருந்தா, வரியே இல்லாம வெட்டியிருப்பேன்," என்றார். கோபம் இல்லை. கணக்குப் போட்டு விடை சொல்வதுபோல் சொன்னார்.

"அன்னைக்கு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கலை?"

"உங்களுக்கு வேலை நிரந்தரம் ஆகலை. எனக்கு ஆயிருந்தது. என்னை முழுசாத் தள்ள முடியாதுன்னு நெனச்சேன்." முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். "அதோட, எனக்கு அந்த வரி பிடிச்சிருந்தது, கிராணி."

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு நான் வீட்டுக்கு வந்திருந்தால், மனம் லேசாகி, விருந்தில் கேட்ட பேச்சையும் சும்மா விட்டிருப்பேன். ஆனால் படி இறங்கும்போது அவர் மனைவி பின்னால் வந்தார். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அவரை ஏன் மாத்தினாங்கன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல," என்றார் அந்த அம்மாள். "இவரோட அண்ணன் தம்பிங்க என்ன சொல்றாங்க தெரியுமா? தோட்டத்துக்காரன்கிட்ட காசுக்குக் கை நீட்டியிருப்பான், மாட்டிக்கிட்டான்னு. விசேஷ வீட்டுல முதல் வரிசையில இவரை உட்கார வைக்கிறதில்ல. இவரும் வாய் திறக்கிறதில்ல."

"எனக்குத் தெரியாதும்மா."

"இப்போ தெரிஞ்சுடுச்சு. இவர்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட வந்து சொல்வீங்களா?"

சொல்கிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, துவானிடம் பொய் சொன்னதைவிட அதிக நேரம் எடுத்தது.

அடுத்த திங்கட்கிழமை போனேன். வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த அண்ணன் நடுவில். இஞ்செ சுவரோரமாக, என்னைவிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, பாயின் கோரையைப் பிரித்தபடி இருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் முதலிலிருந்து சொன்னேன். நோய், கிணறு, கடிதம், நான் சேர்த்த வரி. துவான் கேட்டதும் நான் சொன்னதும். "அவர் யார்கிட்டயும் கை நீட்டலை. என் தப்பை எடுத்துக்கிட்டாரு," என்று முடித்தேன்.

பிறகு அண்ணன் கேட்டார். "இத்தனை வருஷம் நீங்க எங்க இருந்தீங்க?"

"அதே ஆபீஸ்லதான், பெரியவரே. இவரு உட்கார்ந்த அறைக்கு அடுத்த அறையில."

அவர் அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் காப்பி வரவில்லை. வந்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது. அந்தப் பெரியவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். நடு இடத்தை விட்டு, சுவரோரம் நடந்துபோய், தம்பியை ஒட்டி உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். என் பக்கம் இப்போது முதுகுகள்தான் இருந்தன.

நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். போய் வா என்று யாரும் சொல்லவில்லை.